மெழுகுப் பற்கள்

அறைக்குள் இருந்தவர்கள் நான்கு பேர்: பல் டாக்டர், நாற்காலியில் சாய்ந்திருந்த சித்தப்பா, சுவரோரம் கைத்தடியை ஊன்றி உட்கார்ந்திருந்த அப்பா, பிறகு அவள்.

வேறு யாரும் இல்லை. அன்றைக்கு நானும் பக்கத்தில்தான் நின்றேன் என்று இன்று சொல்லிக்கொண்டு திரியும் உறவுக்காரர்கள் அந்தத் தெருவிலேயே இல்லை.

அவள் பின்னறையிலிருந்து தட்டை ஏந்தி வந்தாள். தட்டில் சித்தப்பாவின் பற்கள் இருந்தன, மெழுகு ஈறில் பதித்தபடி.

"நம்ம பல் செட்டெல்லாம் இவங்க கைதான், ஐயா" என்றார் டாக்டர். "முன்னாடி நகைப் பட்டறையில மெழுகு செதுக்கினவங்க. எந்தப் புண்ணியவான் விட்டானோ, எனக்குக் கிடைச்சாங்க."

எந்தப் புண்ணியவான் என்று அண்ணன் தம்பி இருவருக்கும் தெரியும். பட்டறை அவர்கள் குடும்பத்துப் பட்டறை.

அப்பா ஜன்னலைப் பார்த்தார். மகள் முகத்தைப் பார்த்து அவருக்கு வருஷக்கணக்காகியிருந்தது.

குடும்பத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது ஒரே ஒரு வளையல். அவள் செதுக்கிய அதன் மூல அச்சு ஒருநாள் காணாமல் போய், எதிர்க் கடையில் வளையலாக வந்து உட்கார்ந்தது. செதுக்கினவள்தானே விற்றிருப்பாள் என்றார் சித்தப்பா. சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தார். அப்பா மகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எழுந்துபோய் வாசல் கதவைத் திறந்து வைத்தார்.

காலில் விழுகிற வம்சம் இல்லை அது. செதுக்குக் கத்தியை மட்டும் எடுத்துக்கொண்டு அவள் நிமிர்ந்தபடியே வெளியேறினாள்.

வேறு எந்தப் பட்டறையும் அவளைப் படியேற விடவில்லை. மெழுகு தெரிந்த கை வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தவர் இந்த டாக்டர் ஒருவர்தான்.

அவள் கட்டிய முதல் செட்டைப் பார்த்து அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எல்லாப் பல்லும் ஒரே அளவு, ஒரே வெள்ளை, முத்துக் கோத்த மாதிரி.

"வாய்க்குக் கேட்டா கழுத்துக்குப் பண்ணியிருக்கீங்களேம்மா!"

அவள் முகம் சுளிக்கவில்லை. அதை உருக்கிவிட்டு மறுபடி உட்கார்ந்தாள். ஒரு பல்லை லேசாகத் திருப்ப வேண்டும், ஒன்றில் கொஞ்சம் பழுப்பு ஏற்ற வேண்டும், அப்போதுதான் மனித வாய் என்று கற்றுக்கொண்டாள்.

சித்தப்பாவின் முன்பல் ஒன்று பக்கத்துப் பல்லின் மேல் ஏறியிருக்கும். தட்டிலிருந்த பல்லும் அப்படியே ஏறியிருந்தது. மாதிரிக்குப் படம் எதுவும் அவள் கேட்கவில்லை. அந்தச் சிரிப்பு அவளுக்கு மறக்கவில்லை.

பற்களை அவர் வாயில் வைத்து அழுத்தினாள். கண்ணாடியைக் காட்டினாள். பழைய சித்தப்பா திரும்பி வந்துவிட்டார்.

"இப்பப் பேச்சு சரியா வருதான்னு பார்த்துடலாம், சித்தப்பா. நான் சொல்றதைத் திருப்பிச் சொல்லுங்க."

அவர் தலையாட்டினார். அடுத்த வாரம் அவர் மகளுக்குக் கல்யாணம். மேடையேறி மைக்கைப் பிடிக்க வேண்டியவர் அவர்.

அவள் நிதானமாகச் சொன்னாள்.

"அச்சை வித்தது அவ இல்ல. நான்தான்."

சித்தப்பாவின் கை நாற்காலிப் பிடியை இறுக்கியது.

"வேற... வேற ஏதாவது சொல்லச் சொல்லேம்மா."

"அட, எல்லாரும் சொல்றதுதானே, ஐயா!" என்றார் டாக்டர். "இந்த ஒரு வரியில நாக்கு, உதடு, பல்லு எல்லாம் வேலை செஞ்சுடும். மெழுகா இருக்கும்போதே திருத்தினாத்தான் உண்டு. விட்டுட்டீங்கன்னா கல்யாண மேடையில விசில் அடிக்கும், பார்த்துக்கோங்க."

சித்தப்பா வாயைத் திறந்தார்.

"அச்சை... வித்தது... அவ இல்ல."

நெற்றியில் வியர்வை பூத்தது. அதற்கு மேல் நாக்கு எழவில்லை.

"கடைசி வார்த்தை, சித்தப்பா."

அவர் அண்ணனைப் பார்த்தார். அப்பா ஜன்னலை விட்டுத் திரும்பியிருந்தார்.

"சொல்லேன்டா" என்றார் அப்பா. "வெறும் சத்தம்தானே. சொல்றதுல என்ன கஷ்டம் உனக்கு?"

"நான்தான்" என்றார் சித்தப்பா.

புதுப் பல்லில் அவ்வளவு சுத்தமாக வந்தது அந்த வார்த்தை. பிசிறில்லை, விசில் இல்லை.

அப்பா கைத்தடியை ஊன்றி எழுந்தார். முதன்முறையாக மகள் பக்கம் திரும்பினார்.

"பெரியவளே..."

அவள் பற்களைக் கழற்றித் தட்டில் வைத்தாள். கையைத் துடைத்தாள்.

"சத்தமெல்லாம் சரியா இருக்கு, சித்தப்பா. கல்யாணத்துல தைரியமாப் பேசுங்க." பிறகு வாசல் கதவைத் திறந்து வைத்துவிட்டு, டாக்டரிடம் சொன்னாள்: "அடுத்த ஆளை வரச் சொல்லலாம்."

கல்யாணத்தில் மைக்கை யாரும் சித்தப்பா கையில் கொடுக்கவில்லை.

விற்றது யார் என்று அவளுக்கு முன்னமே தெரியும், அவருக்கென்றே அந்த வரியைக் கட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தாள் என்று உறவில் ஒரு பேச்சு ஓடுகிறது.

தவறு. அன்றைக்கு வரை அவளுக்குத் தெரியாது. பல் கட்டத் தொடங்கிய நாளிலிருந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்த ஒவ்வொருவருக்கும் அதே வரிதான். பால்காரர் சொன்னார். ஓய்வுபெற்ற நீதிபதி சொன்னார். எதிர்க் கடைக்காரரின் மாமியார்கூடச் சொல்லிவிட்டு, கண்ணாடியில் பல்லைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனார்.

வியர்த்தது ஒருவருக்குத்தான்.