கண்ணாடிக்குள் வெயில்

அகாதிர் வட்டாரத்தில் பசுமைக்குடில் சூட்டைப் பற்றி யாருக்குச் சந்தேகம் வந்தாலும் யம்னாவைத்தான் கூப்பிடுவார்கள். இருபது வருடமாகக் குடிலுக்குள் தக்காளி வளர்ப்பவள். அன்று அதிகாரி தாஹிரி தன் காரிலேயே அவளை அழைத்து வந்திருந்தார்.

உள்ளே நுழைந்ததுமே அவளுடைய முக்காடு வியர்வையில் நனைந்துவிட்டது.

"அடேயப்பா! பிரமாதமா கட்டியிருக்கீங்க ஐயா!"

"கிண்டல் பண்ணாதீங்கக்கா. ஏன் இப்படி வேகுது?"

"வெயில் கண்ணாடி வழியா தாராளமா உள்ள வருது. தரையும் சுவரும் சூடாகுது. அந்தச் சூட்டைக் கண்ணாடி லேசுல வெளிய விடாது. சூடான காத்து மேல போகவும் ஒரு சந்துகூட வைக்கலையே! இதுக்குள்ள டிசம்பர்லயும் தக்காளி பழுக்கும்."

"பழுக்கிறது இருக்கட்டும். இங்க பத்து மணிக்கே எல்லாம் வாடிப்போயிடுது. நேத்து ரெண்டு சாஞ்சே போச்சு."

"தண்ணி?"

"மணிக்கொரு தரம் கொடுக்கிறோம். நிக்க மாட்டேங்குது."

யம்னா வரிசை வரிசையாகப் பார்த்தபடி நடந்தாள். கோப்புகளை விசிறியாக்கி வீசிக்கொண்டிருந்த நாற்பது குமாஸ்தாக்களும் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். அவர்கள் தலைக்கு மேலே புதுப் பெயர்ப்பலகை பளபளத்தது: 'புவி வெப்பத் தணிப்புத் துறை, மண்டல அலுவலகம்.'

தாஹிரி குரலைத் தாழ்த்தினார். "நாளைக்கு அமைச்சர் வந்து திறந்து வைக்கிறாருக்கா. மானமே போயிடும். நான் என்னதான் செய்யட்டும்?"

"நல்லா திறந்து வைக்கட்டும் ஐயா," என்றாள் யம்னா. "கூரையிலேர்ந்து ஆரம்பிக்கச் சொல்லுங்க."