யாகோப்பர் சுட்ட கழுகு

"வீட்டிலை ஒரு துவக்கு இருக்கவேணும், ஜசிந்தா. இல்லாட்டி உன்ரை நகையளைக் கள்ளன் அள்ளிக்கொண்டு போறதைக் கட்டிலிலை இருந்து பார்க்கவேண்டியதுதான்."

யாகோப்பர் தேத்தண்ணி குடிக்கும்போதும் இதைத்தான் சொன்னார், பல்லுத் தீட்டும்போதும் இதைத்தான் சொன்னார். பக்கத்துத் தெருவில் மதீசன் வீட்டில் களவு போனதிலிருந்து ஜேர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரத் தமிழர் எல்லாருக்கும் பயம் பிடித்திருந்தது. மற்றவர்கள் கதவுக்குப் பூட்டு மாற்றினார்கள். யாகோப்பர் அப்படிச் சின்ன வேலை பார்க்கிற ஆள் இல்லை.

அவர் மனைவி ஜசிந்தாவுக்கும் பயம்தான். முதியோர் இல்லத்தில் இடுப்பொடியக் கிழவர்களைத் தூக்கிக் குளிப்பாட்டி, ஒவ்வொரு காப்பாகச் சேர்த்த நகை அது. மகள் மிதுசாவின் கலியாணத்துக்கென்று துணியில் பொதிந்து அரிசி வாளிக்குள் வைத்திருந்தாள்.

"துவக்குக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடிவந்த மனுசன் நீங்கள்," என்றாள். "அகதி விசாரணையிலை அதைத்தானே அழுதழுது சொன்னனீங்கள்?"

"அது அவங்கடை கையிலை இருந்த துவக்கு. இது என்ரை கையிலை இருக்கப்போற துவக்கு."

"கண்ணாடி போடாட்டி உங்களுக்குக் குளியலறைக் கதவே தெரியாது. இருட்டிலை ஆரைச் சுடப்போறியள், என்னையோ?"

யாகோப்பர் முன்கூட்டியே நேரம் கேட்டு, டெர்மின் எடுத்துக்கொண்டு பொலிசுக்குப் போனார். அங்கிருந்த பெண் அதிகாரி, கள்ளனுக்குப் பயம் என்பதற்காக இந்த நாட்டில் துவக்குத் தரமாட்டோம் என்று சிரிக்காமல் சொன்னாள். விளையாட்டுக்குச் சுடுகிற கழகத்தில் சேர்ந்து ஒழுங்காகப் பயிற்சி எடுத்தால், ஒரு வருசம் கழித்து யோசிக்கலாமாம்.

சேர்ந்துவிட்டார். அவர்கள் போகிற கத்தோலிக்கக் கோயில் பங்கிலேயே அப்படி ஒரு கழகம் இருந்தது. பச்சைச் சட்டையும் இறகு வைத்த தொப்பியும் வாங்கிக்கொண்டு வந்து கண்ணாடி முன்னால் நின்றார்.

"துவக்குக் கிடைச்சாலும் இரும்பு அலுமாரிக்குள்ளை பூட்டித்தான் வைக்கவேணுமாம். குண்டு வேறையாம்," என்றார் கொஞ்சம் சுரத்தில்லாமல்.

"அப்ப கள்ளன் வந்தால்? கொஞ்சம் பொறு தம்பி, திறப்பு எடுத்துக்கொண்டு வாறன் எண்டு சொல்லுவியளோ?"

"உனக்கு விளங்காது."

சும்மா சொல்லக்கூடாது, மனுசன் நன்றாகவே சுடப் பழகிவிட்டார். வருசமும் முடிந்தது. கழகத் தலைவர் பிரிங்க்மன் துவக்கு அனுமதிக்குச் சிபாரிசு செய்வதாகச் சொல்லி, கோடைத் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு வரச் சொன்னார்.

விழாவில் உயரமான கம்பத்தின் உச்சியில் மரத்தால் செய்த ஒரு கழுகு இருந்தது. கழகத்தார் ஒவ்வொருவராக அதைச் சுடவேண்டும். கடைசித் துண்டை விழுத்துகிறவர்தான் அந்த வருசத்து ராசா.

முதலில் எல்லாரும் பிசகாமல் சுட்டார்கள். தலை போனது, இரண்டு செட்டையும் போனது. ஆணியில் ஒரு துண்டு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தபோதுதான் வெள்ளைக்காரர்களுக்கு என்னவோ ஆனது. ஒருவருக்குத் தோள் வலித்தது. இன்னொருவர் தன் முறை வரும் நேரம் பார்த்துச் சொசேஜ் வாங்கப் போய்விட்டார். கிழமைக்குக் கிழமை நடுப்புள்ளியைத் துளைக்கிற பிரிங்க்மன், வானத்தைச் சுட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"பார்த்தியே, முக்கியமான நேரத்திலை கை நடுங்குது," என்று யாகோப்பர் மனைவியின் காதில் சொன்னார். "இவங்கள் வீட்டுக்குக் கள்ளன் வந்தாலும் இப்பிடித்தான் நிப்பாங்கள்."

"அப்ப ஏன் எல்லாரும் சிரிக்கிறாங்கள்?"

"பயத்தை மறைக்கத்தான்."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு போனார். ஒரே சூடு. துண்டு விழுந்தது.

பாண்டு வாத்தியம் முழங்கியது. அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். பிரிங்க்மன் கண்ணில் தண்ணீரோடு வந்து கட்டிப்பிடித்தார். யாகோப்பர் கழுத்தில் வெள்ளிச் சங்கிலி விழுந்தது; ஜசிந்தாவின் தலையில், சேலைக்குப் பொருந்தாத ஒரு கிரீடம் ஏறியது. பாதிரியார் வந்து இருவரையும் ஆசீர்வதித்தார். யாகோப்பர் நின்ற நிலையிலேயே படம் எடுத்துக் கனடா, லண்டன், சுவிஸ் என்று சொந்தக்காரர் எல்லாருக்கும் அனுப்பினார்.

"இப்ப சொல்லு," என்றார். "இனி எந்தக் கள்ளன் எங்கடை வாசலை மிதிப்பான்?"

ஜசிந்தாவுக்கும் அந்த நேரம் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. கிரீடத்தை நேராக்கிக்கொண்டாள்.

பிரிங்க்மனின் மனைவியோடு கதைத்துக்கொண்டிருந்த மிதுசா முகம் வெளுத்து வந்தாள்.

"அப்பா, அவையெல்லாம் வேணுமெண்டுதான் குறியை விட்டுச் சுட்டவை."

"என்னத்துக்கு?"

"ராசாவாய் வாறவர்தான் இந்த வருசம் முழுக்கக் கழகத்துக்குப் பியரும் விருந்தும் குடுக்கவேணுமாம். வாத்தியக்காரருக்கும் சேர்த்து. போன வருசத்து ராசா தன்ரை காரை வித்தவராம்."

யாகோப்பர் வாயைத் திறந்தார். மாட்டேன் என்று சொல்லத்தான் திறந்தார். அதற்குள் கைபேசி கிணுகிணுத்தது. 'மன்னர் யாகோப்பு வாழ்க' என்று கனடாவிலிருந்து தமையன் எழுதியிருந்தார், கீழே நாற்பது பேர் கைதட்டியிருந்தார்கள். திறந்த வாயை மூடிக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை, அரிசி வாளிக்குள் இருந்த நகைப்பொட்டலம், கள்ளன் எவனுடைய கையும் படாமல், ஒரு காப்புக்கூடக் குறையாமல், அடகுக்கடைக்குப் போய்ச் சேர்ந்தது.