பிறந்த வீட்டுப் பங்கு

அந்த ஒரு சொல்லில் அவள் நின்றுவிட்டாள்.

மருத்துவர் ஆங்கிலத்தில் சொல்லி முடித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. எதிரே இருந்த தருமபுரிக்காரர்களுக்குத் தமிழ் தவிர வேறு தெரியாது. நடுவில் எஸ்தர். அந்த பெங்களூர் மருத்துவமனையில் ஒருவர் பேச்சை இன்னொருவருக்குச் சொல்வதுதான் அவள் வேலை.

இன்ஹெரிட்டன்ஸ்.

பாடப்புத்தகத்தில் அது மரபு. கோர்ட்டில் வாரிசுரிமை. கன்னடம் என்றால் ஆனுவம்சிகம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கும் அவள் கணவன் புரோகிராம் வேலை பற்றி ஃபோனில் பேசும்போது இதே சொல்லைச் சாதாரணமாகச் சொல்வான், சோற்றைப் பிசைந்துகொண்டே.

இங்கே பரம்பரை என்றுதான் சொல்ல வேண்டும். அதுதான் புரியும்.

புரிந்தால் அது யார் தலையில் விழும் என்றும் அவளுக்குத் தெரியும்.

கோகிலா மடியில் குழந்தை துவண்டு கிடந்தது. உதடு வெளுத்திருந்தது. ரத்தம் ஏற்றினால் கொஞ்ச நாள் சிரிக்கும். பிறகு மறுபடி இதே கதை. பக்கத்தில் புருஷன் மாதேஷ், தரையைப் பார்த்தபடி. சுவரோரம் மாமியார் மாதம்மாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

எஸ்தர் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"இது பரம்பரையா வர்றதும்மா."

மாதம்மாள் மருமகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"எங்க வம்சத்துல ஒருத்தருக்கும் கிடையாது. எல்லாம் இவ பொறந்த வீட்டு வழி."

கோகிலா குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

எஸ்தர் அதை ஆங்கிலத்தில் சொன்னாள். கட்டிக்கொண்டவர்கள் சொந்தமா என்று கேட்டார் மருத்துவர்.

"அத்தை மகன்," என்றாள் கோகிலா.

மருத்துவர் ஒரு காகிதத்தை இழுத்து வட்டமும் கட்டமுமாகப் போட்டார். அம்மாவிடமிருந்து ஒரு பங்கு, அப்பாவிடமிருந்து ஒரு பங்கு. ஒன்று மட்டும் இருந்தால் ஆளை ஒன்றும் செய்யாது. இரண்டும் சேர்ந்தால்தான் நோய்.

பேனா கோகிலாவிடமிருந்து அவள் அப்பாவுக்கு ஏறியது. மாதேஷிடமிருந்து மாதம்மாளுக்கு ஏறியது.

அதற்கு மேல் இரண்டு கோடும் ஒரே வீட்டில் போய் முட்டின.

எஸ்தர் சொல்லச் சொல்ல மாதம்மாள் சுவரை விட்டு மேசைக்கு வந்தாள்.

"எங்கப்பன் வீட்டுதா?"

"அப்படித்தான் இருக்கும்கறார். உங்க கூடப்பொறந்த கோகிலா அப்பாவுக்கும் வந்திருக்கும். உங்களுக்கும் வந்திருக்கும்."

"ஏம்மா, நல்லாக் கேட்டுச் சொல்லு. அந்த வீட்டுல இருந்து எனக்கு ஒரு செண்டு நிலம் வரல. 'என் பொண்ணத்தான் உன் வீட்டுக்குக் குடுத்துட்டேனே, அதான் உன் பங்கு'ன்னு சொல்லி என் தம்பி கையெழுத்து வாங்கிக்கிட்டான். அன்னைக்கோட பேச்சும் இல்ல. இது மட்டும் எனக்கு எப்படி வரும்?"

எஸ்தர் கேட்டாள். மருத்துவரின் பதில் சின்னது. அதைத் தமிழில் எடுக்கத்தான் அவளுக்கு நேரமானது.

"இதுல ஆணு பொண்ணுன்னு பாக்காதாம். சமமாத்தான் வருமாம்."

மாதம்மாள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். குழந்தையின் பாதத்தைத் தொட்டாள். சில்லிட்டிருந்ததோ என்னவோ, முந்தானையை எடுத்து மூடினாள்.

பிறகு மருமகளிடம் கையை நீட்டினாள்.

"உங்கப்பன் நம்பரப் போட்டுக் குடு."

கோகிலா மாமியார் முகத்தையே பார்த்தாள். அதில் ஒன்றும் பிடிபடவில்லை. தன் ஃபோனில் போட்டுக் கொடுத்தாள்.

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. இனிமேல் பேசப்போவதை யாருக்கும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. ஆனாலும் எஸ்தர் அங்கேயே நின்றாள்.

"அலோ," என்றது ஒரு ஆண் குரல். "கோகிலாவா?"

"அக்கா பேசறேன்டா," என்றாள் மாதம்மாள். "நம்ம அப்பன் வீட்டுப் பங்கு எனக்கும் வந்திருக்காம்."