பால்காரர் மணி

காப்பித்தூள் டப்பா மேல் தட்டில் இருந்தது.

அவன் துறட்டியை எடுத்தான்.

மாங்காய் பறிக்கிற துறட்டி இல்லை. அதன் பிள்ளை. கை நீள மூங்கில் குச்சி, நுனியில் வளைத்த கம்பி, பிடிக்கிற இடத்தில் ஒரு பட்டை. அவன் விரல்கள் மடங்காது. மடங்காவிட்டால் போகட்டும். பட்டைக்குள் உள்ளங்கையை நுழைத்துவிட்டால் துறட்டி கையோடு ஒட்டிக்கொள்ளும்.

கம்பி டப்பாவை இழுத்தது. டப்பா அவன் மடிமேல் கிடந்த மடிப்பலகையில் விழுந்தது. உருண்டது. விளிம்புச் சட்டத்தில் முட்டி நின்றது.

அப்பாடா!

முருங்கையில் ஏறிய அன்றைக்கே துறட்டியை எடுத்திருக்கலாம். முருங்கை பருத்தால் தூணாகுமா என்று ஊரே கேட்கிறது. ஏறுகிறவன் காதில் அது எங்கே ஏறுகிறது? கிளை முறிந்தது. கழுத்துக்குள் தண்டுவடம் நசுங்கியது.

பெண்டாட்டி செம்பகம் ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. மகராசி.

அவள் தெருக்குழாயில் நிற்கிறாள். நல்ல தண்ணீர் வருகிற நேரம். அவள் வருவதற்குள் ஒரு கடுங்காப்பி. அவன் கையால். யாரும் தொட்டுத் தூக்காமல், யாரும் எடுத்துக் கொடுக்காமல்.

இத்தனை நாள் அவள் போட்டுக் கொடுத்தாள், அவன் குடித்தான். இன்றைக்கு மாறிப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

கட்டிலில் இருந்து இறங்கியதே பெரிய பாடு. இழைத்து மெழுகு தேய்த்த பலகை ஒன்று உண்டு. ஒரு முனை கட்டிலில், மறு முனை சக்கர நாற்காலியில். கையை ஊன்றி, மூச்சைப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தான். பலகை வழுக்கிக் கொடுத்தது. நாற்காலியின் காற்று மெத்தை வாங்கிக்கொண்டது. உட்கார்ந்த இடம் புண்ணாகாமல் காக்கிற மெத்தை அது. கண்டுபிடித்த புண்ணியவான் பிள்ளைகுட்டியோடு நன்றாக இருக்கட்டும்.

கரண்ட் அடுப்பைத் தாழ்வான கல்மேல் வைத்திருந்தார்கள். விரல் முட்டியால் பொத்தானை அழுத்தினான். பாத்திரத்துத் தண்ணீர் பாட்டுப் பாடத் தொடங்கியது. கருப்பட்டி விழுந்தது. தூள் விழுந்தது, கொஞ்சம் வெளியிலும்.

இனிதான் கண்டம்.

கொதிக்கிற காப்பி தொடையில் கொட்டினால் அவனுக்குச் சுடாது. அதுதான் பயம். தோல் வெந்து கிடந்தாலும் தெரியாது.

பாத்திரத்தை அவன் தூக்கவில்லை. கரண்டியை உள்ளங்கையில் மாட்டிய பட்டையில் சொருகி, மொண்டு மொண்டு குவளையில் ஊற்றினான். குவளைக்குப் பெரிய காது. நாலு விரலும் அதற்குள் போய்விடும். மடிப்பலகையில் ஈரத்துணி விரித்திருந்தான், குவளை சறுக்காமல் இருக்க.

தூக்கினான். கை ஆடியது.

துணிமேல் வைத்தான்.

ஒரு சொட்டு சிந்தவில்லை.

யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. நாற்காலிக் கைப்பிடியில் அவனுடைய பழைய சைக்கிள் மணி. கத்திக் கூப்பிட நெஞ்சில் காற்று போதாது என்று செம்பகம்தான் கழற்றி மாட்டியிருந்தாள். மணி கேட்டால் போட்டது போட்டபடி ஓடி வருவாள். தண்ணீர் கேட்டிருப்பான், கால் வெட்டி இழுத்திருக்கும், மூச்சு முட்டியிருக்கும். நல்ல சேதிக்கு அந்த மணி அடித்ததே இல்லை.

அதனால் தெருவில் எந்தச் சைக்கிள் மணி கேட்டாலும் ஓடி வருவாள். குழாயடியில் சிரிப்பார்கள்.

"ஏ செம்பகம், அது பால்காரரு மணி. ஒங்க வீட்டு மணி இல்லட்டி!"

தெரிந்தும் ஓடி வருவாள். வாசலில் நின்று அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவாள்.

அடிக்கலாமா? பதறிவிடுவாளே.

காப்பி ஆறிவிடும்.

மணிக்கட்டால் மணியைத் தட்டினான்.

தடதடவென்று வந்தாள். முந்தானை நனைந்திருந்தது. கையில் குடம் இல்லை.

"என்ன செய்யுதுங்க? எங்க?"

"ஒண்ணும் செய்யல. காப்பி ஆறுது. குடி."

அவள் அடுப்பைப் பார்த்தாள். மேல் தட்டைப் பார்த்தாள். கட்டிலில் கிடந்த பலகையைப் பார்த்தாள். பிறகு அவன் தொடையைத் தடவிப் பார்த்தாள், ஈரம் இருக்கிறதா என்று.

இல்லை.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். குவளையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"கருப்பட்டி கூடிப்போச்சு" என்றாள். மூக்கை உறிஞ்சினாள். மறுபடி குடித்தாள்.

தெருவில் பால்காரர் மணி அடித்துக்கொண்டு போனார்.

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.