இரண்டு விரற்கடை

நஷ்டஈட்டு வழக்கில் தவமணி சாட்சி சொல்லும் நாள். முகாமில் தடுப்பூசி போட்டுக்கொண்டதிலிருந்து இரண்டு வருடமாக அவளுடைய இடது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. ஊசியைச் சதையில் போடாமல் மூட்டை ஒட்டி மேலே போட்டுவிட்டார்கள் என்பதுதான் வழக்கு. அவளுக்கு ஒரே ஒரு கேள்வியை நினைத்துத்தான் பயம். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்ததும் அதையே கேட்டார்.

“அன்னைக்கு ரவிக்கையை எவ்வளவு இறக்குனீங்க? செஞ்சு காட்டுங்க.”

இறுக்கமான கை வைத்த ரவிக்கையை மேலே சுருட்ட முடியாது. கொக்கியை அவிழ்த்துக் கழுத்துப் பக்கமாகத்தான் இறக்க வேண்டும். புஜம் முழுக்கத் தெரிய இறக்கினேன் என்று காட்டிவிட்டால் பழி ஊசி போட்ட நர்ஸ் எஸ்தர் மேல் போய்விடும். அப்படிக் காட்டத்தான் ஒரு வாரமாகக் கண்ணாடி முன்னால் பழகியிருந்தாள்.

அன்றைய முகாம் வரிசையைப் போலவே அறை முழுக்க ஆண்கள். ரவிக்கையின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். இரண்டு விரற்கடை இறங்கியதும் கை நின்றுவிட்டது. இறக்குடி என்று தன்னையே அதட்டிப் பார்த்தாள். கை கேட்கவில்லை.

வக்கீல் எதிர்த்தரப்பில் உட்கார்ந்திருந்த எஸ்தரை அழைத்துப் பேனாவைக் கொடுத்தார். “இதான் ஊசின்னு வச்சுக்கங்க.”

பேனா முனை தோளை நெருங்கியது. தவமணி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

“இன்னும் கொஞ்சம் இறக்குங்கம்மா,” என்றாள் எஸ்தர், மெதுவாக.

“ஆம்பளைங்க பாக்குறாங்க. இங்கயே போட்டுருங்க சிஸ்டர்,” என்று அன்றைக்குச் சொன்னதையே சொல்லிவிட்டது தவமணியின் வாய்.

தட்டச்சுக்காரர் அதையும் அடித்துக்கொண்டிருந்தார்.