கத்தி படாத பக்கங்கள்

'நோன்' என்ற சொல்லைத் தேடித்தான் அந்தப் புத்தகத்தை எடுத்தேன்.

ஸ்டெல்லாமேரி அடுப்படியில் காப்பி கலந்துகொண்டிருந்தாள். எனக்குப் பிரெஞ்சு தெரியாது. அந்த ஒரு சொல்லை மட்டும் அவள் ஒருநாள் கரித்துண்டால் தரையில் எழுதிக் காட்டியிருந்தாள். முடியாது என்று அர்த்தம்.

அந்த நாவலின் நாயகி எலீஸ் அதைச் சொல்லும் பக்கத்தை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தேன். மாலை அஸர் தொழுகை முடிந்ததும் என்னைப் பெண் கேட்ட சைகோன் மாப்பிள்ளை வீட்டார் கடைசிப் பதில் கேட்க வருகிறார்கள்.

முதல் சில தாள்களுக்குப் பிறகு புத்தகம் திறக்கவில்லை.

பிரான்சிலிருந்து கப்பலில் வரும் புத்தகங்கள் அப்படித்தான். ஓரம் வெட்டாமல், தாள்கள் மடித்தபடியே வரும். படிக்கிறவர்தான் கத்தியால் மடிப்பைக் கிழித்துக்கொண்டே போக வேண்டும்.

இதில் கத்தி கால்வாசி தூரம்கூடப் போகவில்லை.

அப்படியானால் எலீஸ் தன்னைப் பெண் கேட்டு வந்த கப்பல்காரனை வேண்டாம் என்றது, அப்பன் முகத்தைப் பார்த்துப் பேசியது, பள்ளிக்கூடம் வைத்துப் பிழைத்தது எல்லாம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

மழைக்காலம் முழுக்க இந்தக் கூடத்தில், ஸ்டெல்லாமேரியின் அக்கா ரோசாவின் படத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் கேட்டேன். வங்காள நாவல்களின் மொழிபெயர்ப்புகளை நான் கொண்டுவந்து கொடுப்பேன். பதிலுக்கு அவள் இந்தப் பிரெஞ்சு நாவலைத் தமிழில் சொல்வாள். இதைவிட நல்ல நாவல் உலகத்திலேயே இல்லை என்று மாதா மேல் சத்தியம் வேறு.

அதை நம்பித்தான் போன வாரம் அத்தா முன்னால் எலீஸ் பேசியதை அப்படியே பேசினேன். முகம் தெரியாதவனுக்குக் கடல் தாண்டிப் போய்க் கஞ்சி காய்ச்ச மாட்டேன் என்றேன். அன்றிலிருந்து அத்தா என்னோடு பேசுவதில்லை. எனக்குச் சோறு வைக்கும்போது அம்மா தட்டைப் போடுகிற சத்தம் தெருவரை கேட்கிறது.

பிரான்சில் ஏது கஞ்சி என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

ஸ்டெல்லாமேரி இரண்டு தம்ளரோடு வந்தாள். புத்தகத்தை அவள் காலடியில் எறிந்தேன்.

"எல்லாம் நீ கட்டுனதா? இல்லாத ஒருத்திய நம்பியா நான் அத்தாவ எதுத்துப் பேசுனேன்?"

அவள் மறுக்கவே இல்லை. அதுதான் இன்னும் எரிந்தது.

குனிந்து தம்ளர்களைத் தரையில் வைத்தாள். நிஜ எலீஸ் கப்பல்காரனுக்குச் சரி என்று தலையாட்டிவிட்டாளாம். நான் சைகோன் சம்பந்தத்தைப் பற்றி வந்து சொன்ன வாரம்தான் ஸ்டெல்லாமேரி படித்துக்கொண்டே அந்தப் பக்கத்துக்கு வந்தாளாம். அதோடு கத்தியை வைத்துவிட்டாளாம். மீதியெல்லாம் அவளாகச் சொன்னது.

புத்தகத்தில் இருப்பவளே சரி என்றால் நானும் போய்ச் சரி என்கிறேன் என்று கத்தினேன். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தேன். அவளை இனி வாழ்நாளில் மன்னிப்பதில்லை.

பின்னாலிருந்து அவள் குரல் மெல்ல வந்தது.

"ரோசா அக்காவ அங்க அனுப்புனப்ப எனக்குக் கதை கட்டத் தெரியல, ரமீஜா."

திரும்பினேன். படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. அக்காவுக்குக் கல்யாணமாகி இரண்டாம் வருஷம் சைகோனிலிருந்து சாவுச் சேதியோடு கறுப்புக் கரை போட்ட உறை வந்ததிலிருந்து தினமும் ஏற்றுகிறார்கள்.

தெருவில் இறங்கியதும் 'நோன்' என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன்.

கோபமாகத்தான் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் முன்னாலும் அப்படியே வரட்டும் என்று வீட்டுக்கு வேகமாக நடந்தேன்.