மேலே ஒன்றுமில்லை

“பொய்! பச்சைப் பொய்!” என்று புத்தகத்தைப் படீரென மூடினார் நிரோத் சமாத்தார்.

காலேஜ் ஸ்ட்ரீட்டில் பழைய புத்தகக் கடை வைத்திருக்கும் போம்போல், அதைப் பொறுமையாக வாங்கித் தட்டி அடுக்கினார். மூன்று நாளில் இது ஒன்பதாவது புத்தகம்.

“சார், நீங்க பூடான் போயிருக்கீங்களா?”

“அடுத்த மாசம்தான் போறேன். குளிருக்குக் குரங்குக் குல்லாகூட ரெண்டு வாங்கியாச்சு. நம்பகமான வழிகாட்டிப் புத்தகம் ஒண்ணுதான் பாக்கி.”

“போகாமலே பொய்னு எப்படிச் சொல்றீங்க?”

நிரோத் பாபு அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“என் வீட்டுக்காரி அணிமாவுக்கு ரெண்டு முட்டியும் போச்சு. மாடிப்படிகூட ஏறக் கூடாதுன்னுட்டார் டாக்டர். ஆனா புத்தகத்துல எதையெல்லாம் பார்க்கச் சொல்லியிருக்கோ, பென்சிலால குறிச்சு வச்சுக்கிட்டு ஒண்ணு விடாம பார்த்தாகணும் அவளுக்கு. டார்ஜிலிங் போய்ட்டு வந்து ஒரு வாரம் படுக்கை. இதையெல்லாம் எழுதின ஒன்பது பேரும் என்னடான்னா, மலை மேல இருக்கற புலிக்குகை மடத்தைப் பார்க்காதவன் பிறந்ததே வீண்ங்கறாங்க. மூணு மணி நேர ஏத்தம்யா!”

“வேண்டாம்னு நீங்களே சொல்லிடலாமே?”

“சொன்னேனே! உங்களுக்கு மூச்சு வாங்கும், அதுக்கு என் முட்டியைச் சாக்கு சொல்றீங்கங்கறா. ஏறாதேன்னு எழுதின புத்தகம் ஒண்ணு குடு, போதும்.”

போம்போல் கொஞ்ச நேரம் காதைச் சொறிந்தார். பிறகு அரை மனதாக அடித்தட்டில் கையை விட்டு ஒல்லியாக ஒரு புத்தகத்தை உருவினார். ‘பூடானில் பத்து நாள்’. எழுதியவர் சச்சிதானந்த பாதுரி.

நிரோத் பாபு நேராக மடத்துப் பக்கத்துக்குப் போனார்.

‘ஏறாதீர்கள். மேலே ஒன்றுமில்லை. கிட்டே போனால் சுவர்தான் தெரியும். மடத்தின் அழகெல்லாம் அடிவாரத்தில் பைன் மரத்தடியில் உட்கார்ந்திருப்பவருக்கே.’

யானை விலை விற்கும் இலிஷ் மீன் முழுசாக ஓசியில் கிடைத்த மாதிரி அவர் முகம் மலர்ந்தது.

“இவன்யா மனுஷன்! சரி, ஆளை நம்பலாமா? அணிமா குடைஞ்சு குடைஞ்சு கேப்பா. மேல போய்ப் பார்த்துட்டுத்தானே எழுதியிருக்கார்?”

போம்போலுக்கு வாயால் பொய் சொல்ல வராது. “இல்ல சார். ஏறலை.”

“ஏறலையா?”

நிரோத் பாபுவுக்குக் கோபம் தலைக்கேறியது. அவருக்கு வேண்டியது ஒரு பொய்தான்; ஆனால் அதை ஒரு யோக்கியன் எழுதியிருக்க வேண்டும்.

“ஏறாமலே மேல ஒண்ணுமில்லைன்னு எழுதிட்டானா? இந்த அயோக்கியனை நம்பி எத்தனை பேர் பாக்காமத் திரும்பியிருப்பாங்க! அந்த பாதுரி மட்டும் என் கையில கிடைச்சான்...”

“சச்சிதானந்த பாதுரி யாருங்க?” என்று கேட்டுக்கொண்டே வந்தார் புதிதாக மாற்றலாகி வந்திருந்த தபால்காரர். “ரெண்டு நாளா இந்தக் கடிதத்தை வச்சுக்கிட்டு அலையறேன்.”

பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். “அப்படி யாரும் இந்தத் தெருவுலயே கிடையாதே” என்றார். முப்பது வருஷமாகப் பக்கத்திலேயே கடை வைத்திருக்கிறவர் அவர்.

போம்போல் தலையைக் குனிந்தபடி கையை நீட்டினார்.

“குடுங்க, நான்தான். வீட்ல கூப்பிடற பேரே கடையிலயும் ஒட்டிக்கிச்சு. நிஜப் பேர் யாருக்கும் தெரியாது.”

நிரோத் பாபுவுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அயோக்கியன் என்று எதிரிலேயே நின்று திட்டியிருக்கிறார்.

“நீயா? ஏன்யா ஏறலை?”

“பாதி வழியிலேயே என் சம்சாரத்துக்கு மூச்சு முட்டிடுச்சு சார். நான் உட்கார்ந்திருக்கேன், நீங்க போய்ட்டு வாங்கன்னா. தனியா விட்டுட்டுப் போக எனக்கு மனசு வரலை. இறங்கிட்டோம்.”

“அது சரி. அதுக்காக ஊருக்கெல்லாம் பொய்யா எழுதுவே?”

“ஊருக்கு எங்க சார் எழுதினேன்? திரும்பி வந்தும், என்னாலதானே உங்களுக்கு அது போச்சுன்னு மூணு மாசம் அழுதுக்கிட்டே இருந்தா. அவ ஒருத்தி படிக்கறதுக்காகத்தான் எழுதினேன்.”